கக்குவான் இருமலை எதிர்கொண்ட ஒரு நகரம்

வரலாறு என்றவுடன் மன்னர்களும் படையெடுப்புகளும் உடன்படிக்கைகளுமே நம்மிற் பலருக்கு நினைவில் வந்து நிற்கின்றன. பள்ளிப் பாடநூல்கள் நம்மை அவ்வாறு பழக்கிவிட்டன. ஆயினும், இரவெல்லாம் இருமிய குழந்தை ஒன்று விடியற்காலையில் மூச்சடங்கிப் போனதும் வரலாறே. சில ஆண்டுகள் கழித்து அதே தெருவில் பிறந்த குழந்தை அந்நோயைக் காணாமலே வளர்ந்ததும் வரலாறே. இவ்விரு குழந்தைகளுக்கும் இடையே நிகழ்ந்தது என்ன, அதனை நிகழ்த்தியோர் யாவர், அவர்கள் எங்ஙனம் உழைத்தனர் என்று ஆராய்வது மன்னர் கதைகளைக் கற்பதைவிடக் குறைந்த பயன் தருவதன்று. கல்வித் தொண்டில் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்த கழகத்தின் வெள்ளி விழா மலரில் அத்தகைய வரலாறு ஒன்றை எடுத்துரைப்பது பொருத்தமாகும் எனக் கருதுகிறேன்.

1932-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த கிராண்ட் ராப்பிட்ஸ் என்னும் நகரில் கக்குவான் இருமல் பரவியது. அங்கிருந்த சிறிய அரசு ஆய்வுக்கூடத்தின் பெண்கள் சிலர் அந்நோயை எதிர்த்து நின்றனர். அவர்களிடம் பெரும்பொருள் இல்லை. உலகறிந்த பெயரும் இல்லை. ஓய்வு நேரத்தை அவர்கள் உழைப்பு நேரமாக மாற்றிக்கொண்டனர். ஏழைகளின் வீடுதோறும் ஏறி இறங்கினர். அவர்கள் தொடங்கிய பணியின் பயன் பல நாடுகளின் குழந்தைகளையும் சென்றடைந்தது.

நோயின் இயல்பு

கக்குவான் என்னும் தமிழ்ச் சொல்லே நோயின் கொடுமையை உணர்த்துவது. இருமி இருமி, இறுதியில் உண்டதையெல்லாம் கக்கிவிடும் நிலைக்குக் குழந்தை தள்ளப்படுவதால் அப்பெயர் அமைந்தது. முதல் ஓரிரு வாரங்களுக்கு இது சாதாரணச் சளியைப் போன்றே தோன்றும். மூக்கு ஒழுகும், சிறிது இருமல் இருக்கும். தாய்மார் அஞ்சமாட்டார்கள். பின்னரே உண்மை உருவம் வெளிப்படும். ஒரே மூச்சில் பத்து, பதினைந்து முறை தொடர்ந்து இருமல் வரும். இடையில் மூச்சிழுக்க வழியிராது. இருமல் ஓய்ந்ததும் குழந்தை காற்றை உள்ளிழுக்கும்போது ஊளையிடுவது போன்ற ஓசை எழும். முகம் சிவந்து, பின் நீலம் பாயும். இந்நிலை பல வாரங்கள் நீடிக்கும். சீன மக்கள் இதனை நூறு நாள் இருமல் என்று வழங்கினர்.

கைக்குழந்தைகளின் நிலை இதனினும் கொடியது. அவர்களுக்கு ஊளை ஓசையிடும் வலிமைகூட இராது. மூச்சு நின்றுபோகும், அவ்வளவே. நுரையீரல் அழற்சி தொடர்ந்து வந்து உயிரைப் பறிப்பதும் உண்டு. மூளைக்குச் செல்லும் உயிர்வளி குறைந்து வாழ்நாள் ஊனம் நேர்வதும் உண்டு.

1578-ஆம் ஆண்டில் பாரிசு நகரில் பரவிய கொள்ளை நோயைக் கியோம் தெ பாயூ என்னும் மருத்துவர் விரித்துரைத்தார். இந்நோயைப் பற்றிய பழைய தெளிவான குறிப்பு அதுவே என்பர். நோய்க்குக் காரணமான நுண்ணுயிரைப் பிரித்தெடுத்துக் காட்டியவர்கள் பெல்ஜிய நாட்டு அறிஞர்களான ஜூல் போர்தே, ஆக்டேவ் ஜாங்கு ஆகிய இருவர். அது 1906-ஆம் ஆண்டு. உருளைக்கிழங்குச் சாறு, கிளிசரின், குருதி ஆகியவை சேர்ந்த அகர் ஊடகத்தில் அவர்கள் அதனை வளர்த்தனர்.

பகைவன் யார் எனத் தெரிந்துவிட்டது. அவனை வெல்லும் வழி மட்டும் இருபத்தைந்து ஆண்டுகள் கடந்தும் புலப்படவில்லை. தடுப்பு மருந்து என்னும் பெயரில் பலவகைக் குப்பிகள் அமெரிக்கக் கடைகளில் விற்கப்பட்டன. அவற்றுள் எதற்கும் நம்பத்தக்க சான்று இல்லாமையால், 1931-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் மருந்தாய்வுக் குழு தன் ஒப்புதலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 1934-ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்நோயால் தாக்குண்டதாகப் பதிவாயிற்று. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் இறந்தனர்.

நகரும் காலமும்

கிராண்ட் ராப்பிட்ஸ் மரச்சாமான் தொழிலுக்குப் பெயர் பெற்ற நகரம். 1930-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அங்கு வாழ்ந்தோர் ஓர் இலட்சத்து அறுபத்தெட்டாயிரம் பேர். ஒல்லாந்து நாட்டிலிருந்து குடியேறியவர்களும் போலந்து நாட்டினரும் அத்தொழிற்சாலைகளில் உழைத்தனர். தென் மாநிலங்களின் கொடுமைகளிலிருந்து விலகி வடக்கே வந்த கறுப்பின மக்களும் அந்நகரில் இருந்தனர்.

1929-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவைப் பொருளாதாரப் பெருமந்தம் கவ்விக்கொண்டது. நாற்காலியும் மேசையும் வாங்குவார் இல்லை. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நிவாரணப் பட்டியலில் பெயர் எழுதிக்கொள்ளும் குடும்பங்கள் பெருகின. வறுமை எங்கு நுழைகிறதோ அங்கு நெருக்கமும் நுழைகிறது. இரண்டு குடும்பங்கள் ஒரு வீட்டில் வாழும். நான்கு குழந்தைகள் ஒரே படுக்கையில் உறங்கும். இருமலின் துளிகளால் பரவும் நோய்க்கு இதைவிட வாய்ப்பான சூழல் வேறில்லை. 1932-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நகரின் பல வீடுகளில் கக்குவான் இருமல் கேட்கலாயிற்று.

இரு பெண்மணிகள்

நகரிலிருந்த மாநிலச் சுகாதாரத் துறைக் கிளை ஆய்வுக்கூடத்தின் தலைவர் பெர்ல் கெண்ட்ரிக். 1890-ஆம் ஆண்டில் ஒரு சமயப் போதகரின் மகளாகப் பிறந்தவர். மூன்று வயதில் தாமே கக்குவான் இருமலுக்கு ஆளாகிப் பிழைத்தவர். 1914-இல் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றுப் பள்ளி ஆசிரியராகச் சில காலம் பணிபுரிந்தார். பின்னர் மிச்சிகன் மாநிலச் சுகாதார ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, 1926-இல் கிராண்ட் ராப்பிட்ஸ் கிளையின் பொறுப்பை ஏற்றார். பணியிலிருந்தவாறே உயர்கல்வி பயின்று, 1932-ஆம் ஆண்டில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. கல்விக்கு வயது தடையென்று கூறுவோர் இதனைக் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.

அவருடைய துணைவர் கிரேஸ் எல்டரிங். 1900-ஆம் ஆண்டில் மொண்டானா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். அவரும் ஐந்து வயதில் கக்குவான் இருமலால் வருந்தியவர்; அதன் வேதனையைத் தம் முதுமையிலும் மறவாதவர். ஆசிரியராகப் பணியாற்றிப் பொருள் சேர்த்துப் படித்தார். 1928-இல் மிச்சிகன் ஆய்வுக்கூடத்தில் முதலில் ஊதியமின்றித் தொண்டராகச் சேர்ந்து, தம் திறமையால் பணி பெற்றார்.

அந்நாளில் பெண்களுக்குப் பெரிய மருத்துவக் கல்லூரிகளிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் இடம் கிடைப்பது அரிது. அரசுச் சுகாதார ஆய்வுக்கூடங்களோ குறைந்த ஊதியமும் மிகுந்த வேலையும் கொண்டவை. ஆகவே அவற்றின் கதவுகள் பெண்களுக்குச் சற்றே திறந்திருந்தன. பாலையும் குடிநீரையும் சோதித்தல், தொண்டை அடைப்பான் முதலிய நோய்களுக்குப் பரிசோதனை செய்தல் ஆகியவையே அங்கு அன்றாடப் பணிகள். ஆராய்ச்சி அவர்களுடைய கடமைப் பட்டியலில் இல்லை. கெண்ட்ரிக் தம் மேலதிகாரியிடம் கக்குவான் இருமலைப் பற்றி ஆராய ஒப்புதல் கேட்டார். விருப்பமிருந்தால் செய்துகொள்ளலாம் என்ற அளவில் ஒப்புதல் கிடைத்தது, பொருளுதவி கிடைக்கவில்லை. பகல் முழுவதும் அரசுப் பணி, மாலைக்குப் பின் ஆராய்ச்சி என்று அவர்கள் தம் நாளைப் பகுத்துக்கொண்டனர்.

இருமல் தட்டு

ஆராய்ச்சியின் முதற்படி, இருமும் குழந்தைக்கு உண்மையிலேயே கக்குவான் நோய் உள்ளதா என்பதை உறுதி செய்வது. தொடக்கத்தில் சளியைப் போன்றே தோன்றும் இந்நோய், பிறருக்கு மிகுதியாகத் தொற்றுவதும் அத்தொடக்க நாட்களிலேயேதான். ஊளை ஓசை கேட்டபின் நோயை அறிவதாயின், அதற்குள் அக்குடும்பத்தின் ஏனைக் குழந்தைகளும் அண்டை வீட்டாரும் தொற்றுக்கு ஆளாகியிருப்பர்.

இதற்கு அவர்கள் கைக்கொண்ட கருவி மிக எளியது. போர்தேயும் ஜாங்குவும் வகுத்த ஊடகத்தை நிரப்பிய வட்டக் கண்ணாடித் தட்டு ஒன்று. குழந்தை இருமும்போது, வாய்க்குச் சற்று முன்னே அத்தட்டைத் திறந்து பிடிக்க வேண்டும். இருமலில் தெறிக்கும் துளிகள் தட்டில் படியும். மூடி, ஆய்வுக்கூடத்துக்குக் கொணர்ந்து, உடல் வெப்ப நிலையில் சில நாட்கள் வைத்தால், நோய்க் கிருமி இருப்பின் பாதரசத் துளி போல மின்னும் சிறு புள்ளிகள் தோன்றும். இதற்கு இருமல் தட்டு என்று பெயர். இம்முறையை முதலில் கண்டவர்கள் அவர்களல்லர். ஐரோப்பாவில் முன்னரே வழக்கிலிருந்தது. அதனை ஒரு நகரம் முழுவதற்கும் பயன்படும் கருவியாக்கிய பெருமையே அவர்களுக்கு உரியது. 1932 நவம்பர் 28-ஆம் நாள் தங்கள் முதல் தட்டில் அக்கிருமியை அவர்கள் கண்டனர்.

மாலையில் ஆய்வுக்கூடப் பணி முடிந்ததும், தட்டுகளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்றனர். மின்விளக்குக்குப் பணமில்லாத வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கொளியில் குழந்தையின் வாய்க்கெதிரே தட்டைப் பிடித்தனர். குழந்தை இருமும்வரை காத்திருந்தனர். வேலையிழந்த தந்தையரும் கவலையுற்ற தாய்மாரும் தங்கள் துயரங்களை அவர்களிடம் கூறினர். நோயைப் பற்றியும் பெருமந்தத்தைப் பற்றியும் தாங்கள் ஒரே காலத்தில் கற்றுக்கொண்டதாக எல்டரிங் அம்மையார் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். நூலகத்தில் கிடைக்காத கல்வி அது.

இத்தட்டுகளால் இரண்டு நன்மைகள் விளைந்தன. நோயைத் தொடக்கத்திலேயே அறிய முடிந்தது. நோயுற்ற குழந்தை எத்தனை நாள் தொற்றைப் பரப்பக்கூடும் என்பதையும் ஊகத்தால் அன்றிச் சான்றால் கூற முடிந்தது. வீட்டு வாயிலில் எச்சரிக்கை அட்டை தொங்கவிட்டுக் குழந்தைகளைத் தனிமைப்படுத்துவது அந்நாள் வழக்கம். அக்கால அளவு மிகக் குறைந்தால் நோய் பரவும். மிகக் கூடினால் குடும்பம் துன்புறும். அறிவியல் இங்கு ஏழைக் குடும்பத்தின் அன்றாட வாழ்வோடு நேராகத் தொடர்பு கொண்டது.

தடுப்பு மருந்து உருவாதல்

தட்டில் கிடைத்த கிருமிகளே தடுப்பு மருந்துக்கும் மூலப்பொருளாயின. முன்னைய மருந்துகள் தோற்றமைக்குக் காரணம் ஒன்று அக்காலத்தில் தெளிவாகி வந்தது. 1931-ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த லெஸ்லி, கார்ட்னர் என்னும் ஆய்வாளர்கள், இக்கிருமி ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படுகையில் நான்கு நிலைகளை அடைகிறது என்றும், முதல் நிலையிலேயே அது முழு வீரியத்தோடு இருக்கிறது என்றும் காட்டினர். நாட்பட்ட, வீரியம் குன்றிய கிருமிகளிலிருந்து செய்த மருந்து, உயிருள்ள நோயை எதிர்க்கும் ஆற்றலைக் குழந்தைக்கு எப்படித் தரும்?

நோயுற்ற குழந்தைகளிடமிருந்து புதிதாக எடுத்த முதல்நிலைக் கிருமிகளையே கெண்ட்ரிக்கும் எல்டரிங்கும் பயன்படுத்தினர். ஆட்டுக் குருதி கலந்த ஊடகத்தில் அவற்றை வளர்த்து, வழித்தெடுத்து, உப்பு நீரில் கழுவி, மெர்த்தியோலேட் என்னும் மருந்தால் கொன்று, குளிரில் வைத்தனர். உயிருள்ள கிருமி எதுவும் எஞ்சவில்லை என்பதைத் திரும்பத் திரும்பச் சோதித்தனர். முதல் மருந்து 1933-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆயத்தமாயிற்று. விலங்குகளில் சோதித்தபின் தங்கள் உடலிலேயே அதனைச் செலுத்திப் பார்த்துக்கொண்டனர். பிறர் குழந்தைக்குக் கொடுக்கும் முன் தாம் ஏற்றல் என்னும் அறம் அதில் விளங்குகிறது.

ஊராரின் ஒத்துழைப்பும் நேர்மையான கணக்கும்

தீங்கற்ற மருந்தெல்லாம் பயனுள்ள மருந்து ஆகிவிடாது. பயன் உண்டா என்பதைக் காட்ட, மருந்து பெற்ற குழந்தைகளையும் பெறாத குழந்தைகளையும் ஒப்பிட வேண்டும். அந்நாளில் ஆய்வாளர் பலர் இத்தகைய சோதனைகளை அனாதை விடுதிகளிலும் மனவளர்ச்சி குன்றியோர் இல்லங்களிலும் நடத்தினர். அங்குள்ள குழந்தைகளுக்காகக் கேள்வி கேட்பார் எவருமில்லை. எளியோரின் உடல் பிறருக்குச் சோதனைக் களமாகும் அவ்வழக்கத்தை அக்காலத்தவருள் பலர் தவறென்றே எண்ணவில்லை. கிராண்ட் ராப்பிட்ஸ் ஆய்வாளர்களோ தங்கள் சோதனையை ஊரின் நடுவே, பெற்றோர் அறிய, குடும்பங்களோடு வாழும் குழந்தைகளிடையே நடத்தினர்.

1934 மார்ச் மாதத்தில் அப்பணி தொடங்கிற்று. நகரச் சுகாதாரத் துறையும் உள்ளூர் மருத்துவர்களும் துணை நின்றனர். பொதுச் சுகாதாரச் செவிலியர் வீடுதோறும் சென்று, மருந்து பெற்ற குழந்தைகளையும் பெறாத குழந்தைகளையும் ஒருங்கே கண்காணித்தனர். யார் வீட்டில் நோய் வந்தது, அக்குழந்தை நோயாளியோடு எவ்வளவு நெருங்கியிருந்தது, இருமல் எத்தனை நாள் நீடித்தது என்பனவெல்லாம் ஏட்டில் ஏறின. ஐயம் எழுந்தால் இருமல் தட்டு தீர்ப்பளித்தது.

முதற்கட்ட முடிவு வியப்பளிப்பதாயிருந்தது. மருந்து பெற்ற 712 குழந்தைகளுள் நோய்கண்டோர் நால்வரே. அவர்களுக்கும் நோய் மென்மையாகவே இருந்தது. மருந்து பெறாத 880 குழந்தைகளிடையே நோயுற்றோர் தொகை அதனினும் பன்மடங்கு.

இவ்வளவு நல்ல முடிவை உலகம் உடனே நம்பிவிடவில்லை. கிளீவ்லாந்து நகரில் ஜேம்ஸ் டவுல் என்னும் அறிஞர் வேறொரு தயாரிப்பைக் கொண்டு நடத்திய சோதனையில் பயன் தென்படவில்லை. பெயரறியாத இரு பெண்களின் கணக்கைப் பலர் ஐயுற்றனர். இந்நிலையில் தன்மானம் புண்பட்டதென்று சினந்து ஒதுங்குவது எளிது. கெண்ட்ரிக் அவ்வாறு செய்யவில்லை. நாட்டின் தலைசிறந்த நோய்ப்பரவல் அறிஞரான வேட் ஹாம்ப்டன் ஃபிராஸ்டின் ஆய்வுக்குத் தம் ஏடுகளை உட்படுத்தினார். ஃபிராஸ்ட் கிராண்ட் ராப்பிட்ஸுக்கே வந்து அவற்றைப் பார்வையிட்டார். ஒப்பீட்டுக் குழுவை அமைப்பதில் உள்ள இடர்களை எடுத்துக் காட்டினார். தாமே முன்வந்து ஊசி போடுவிக்கும் பெற்றோர் ஏனைய செய்திகளிலும் கவனமுடையோராக இருக்கக்கூடும். ஆகையால் அவர்தம் குழந்தைகள் நோயின்றி இருப்பதற்கு மருந்து மட்டுமே காரணம் என்று எளிதில் கூறிவிட முடியாது. இத்தகைய திறனாய்வை ஏற்றுச் சோதனையை மேலும் செம்மைப்படுத்தினர். 1939-ஆம் ஆண்டில் வெளியான நிறைவறிக்கை 4,212 குழந்தைகளைப் பற்றியது. அவர்களுள் 1,815 பேர் மருந்து பெற்றோர். 2,397 பேர் பெறாதோர். மருந்தின் பயன் ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டப்பட்டது.

குறை கூறியவரைப் பகைவராக எண்ணாது ஆசிரியராக ஏற்றமையால் அவர்களுடைய கணக்கு வலுப்பெற்றது. சங்கம் நடத்துவோர்க்கும் கழகம் நடத்துவோர்க்கும் இஃது ஒரு பாடமாகும்.

பொருள் முட்டுப்பாடு தொடர்ந்து இருந்தது. 1936-ஆம் ஆண்டில் கெண்ட்ரிக் குடியரசுத் தலைவரின் துணைவியார் எலினார் ரூஸ்வெல்ட் அம்மையாரை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்தார். அவரும் வந்து கண்டார். அதன்பின், வேலையற்றோர்க்கு வேலை தரும் கூட்டரசுத் திட்டத்தின்கீழ் மேலும் சில பணியாளர்கள் கிடைத்தனர். ஒரு சிற்றூழியரும் தக்க காரணத்தோடு அழைத்தால் உயர்ந்தோர் செவிசாய்ப்பர் என்பதற்கு இது சான்று. அழைக்கும் துணிவு மட்டும் வேண்டும்.

மூடிய கதவும் திறந்த கதவும்

இவ்வரலாற்றில் நம் இளைஞர்கள், சிறப்பாக மாணவியர், தவறாது அறிய வேண்டிய பெயர் ஒன்று உண்டு. அவர் லோனி கிளிண்டன் கார்டன். 1915-ஆம் ஆண்டில் ஆர்க்கன்சா மாநிலத்தில் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். குடும்பம் மிச்சிகனுக்குக் குடிபெயர்ந்தது. அங்கு மாநிலக் கல்லூரியில் மனையியலும் வேதியியலும் பயின்று 1939-இல் பட்டம் பெற்றார்.

பட்டத்தைக் கையில் ஏந்திக் கிராண்ட் ராப்பிட்ஸில் உணவியல் வல்லுநராக வேலை தேடினார். தகுதி இல்லையென்று எவரும் கூறவில்லை. கறுப்பினப் பெண் ஒருத்தியின் ஆணையை வெள்ளையரான சமையற்காரர்கள் ஏற்கமாட்டார்கள் என்று கூறித் திருப்பியனுப்பினர். கற்ற கல்வி ஒருபுறம். பிறப்பைக் காட்டி மூடப்பட்ட கதவு மறுபுறம். இந்த அனுபவத்தை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவை இம்மலரைப் படிப்போர்க்கு இல்லை.

அவரைப் பற்றிக் கேள்வியுற்ற கெண்ட்ரிக், 1940-களில் தம் ஆய்வுக்கூடத்தில் வேலை அளித்தார். இரக்கத்தால் அளித்த வேலை அன்று அது. தடுப்பு மருந்தின் ஆற்றலை மேம்படுத்தவும் அளந்தறியவும், தக்க வீரியமுடைய கிருமி வகை ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கான தட்டுகளைச் சலிப்பின்றி நோக்க வேண்டும். வேறுபாடுகள் மிக நுண்ணியவை. கூரிய கண்ணும் தளராத பொறுமையும் உடையோர்க்கே அப்பணி கைகூடும். கார்டன் அதனைச் செய்து முடித்தார். வேண்டிய வீரியமுள்ள கிருமி வகையைத் தட்டுகளினின்று இனங்கண்டவர் அவரே.

மருந்தின் ஆற்றலைச் சுண்டெலிகளில் அளக்கும் முறையை இவ்வாய்வுக்கூடத்தார் 1947-இல் வெளியிட்டனர். பின்னர் இங்கிலாந்தில் நடந்த பெருஞ்சோதனைகளில், சுண்டெலிச் சோதனையில் தேறிய மருந்துகளே குழந்தைகளையும் காத்தன என்று தெளிவாயிற்று. உலக நாடுகள் மருந்தின் தரத்தை அளக்க அம்முறையை ஏற்றுக்கொண்டன. சமையலறையில் ஆணையிட இவருக்கு இடமில்லை என்று விலக்கினர்; எண்ணற்ற குழந்தைகளின் உயிரைக் காக்கும் மருந்தில் அவருடைய உழைப்பு கலந்து நிற்கிறது. விலக்கியவர்கள் யாவரென்று இன்று எவரும் நினைப்பதில்லை. கார்டன் 1999-இல் மறைந்தார். அடுத்த ஆண்டில் மிச்சிகன் மகளிர் புகழ் மன்றத்தில் அவருடைய பெயர் சேர்க்கப்பட்டது. கெண்ட்ரிக், எல்டரிங் ஆகியோரின் பெயர்கள் 1983-ஆம் ஆண்டிலேயே அங்கு இடம்பெற்றிருந்தன.

பதினேழு ஆண்டுகள் கழித்தே மூன்றாம் பெயர் சேர்ந்தது என்பதையும் நாம் நினைவில் இருத்த வேண்டும். உழைத்தோர் பெயரை வரலாறு தானாகவே எழுதிவிடுவதில்லை. எழுதுவோர் தேடிச் சென்று எழுத வேண்டியிருக்கிறது.

நகரின் கொடை உலகுக்கு

1940-ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலம் இம்மருந்தைத் தயாரித்து வழங்கத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் அது நாடெங்கும் பரவியது. கக்குவான், தொண்டை அடைப்பான், இசிவு நோய் ஆகிய மூன்றையும் ஒரே ஊசியில் தடுக்கும் கூட்டு மருந்தை உருவாக்கும் முயற்சியிலும் கெண்ட்ரிக் முன்னின்றார். நாம் முத்தடுப்பூசி என்று வழங்குவது அதன் வழிவந்ததே. அமெரிக்காவில் 1934-இல் இரண்டரை இலட்சத்தைத் தாண்டிய நோயாளர் தொகை, 1976-ஆம் ஆண்டில் 1,010 ஆகக் குறைந்தது. கெண்ட்ரிக் 1980-இலும் எல்டரிங் 1988-இலும் மறைந்தனர். தங்கள் கண்டுபிடிப்பால் அவர்கள் செல்வம் சேர்க்கவில்லை.

இந்தியாவில் 1978-ஆம் ஆண்டில் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது முத்தடுப்பூசி அதில் இடம்பெற்றது. 1985-இல் அது அனைவர்க்குமான தடுப்பூசித் திட்டமாக விரிந்தது. 2011 டிசம்பரில், ஐந்து நோய்களைத் தடுக்கும் கூட்டு ஊசி முதன்முதலாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அத்திட்டத்தில் அறிமுகமாயிற்று. குழந்தையின் ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் துணைச் சுகாதார நிலையத்தில் போடப்படும் அவ்வூசியில் கக்குவான் தடுப்பு மருந்தும் அடங்கும். ஒன்றரை வயதை ஒட்டியும் ஐந்து வயதிலும் முத்தடுப்பூசியை மீண்டும் போட வேண்டும்.

வென்ற நோய் மீளாது என்று எண்ணிவிடலாகாது. 1970-களின் நடுவில் இங்கிலாந்தில் இத்தடுப்பூசியைப் பற்றி அச்சம் பரவியது. ஊசி போடுவிக்கும் பெற்றோர் தொகை பாதிக்கும் கீழே சரிந்தது. விளைவாக 1977-இலும் 1982-ஐ ஒட்டிய ஆண்டுகளிலும் பெருங்கொள்ளை நோய்கள் தோன்றி, குழந்தைகள் பெருந்தொகையில் துன்புற்றனர். பிற்காலத்தில் பல நாடுகள், பக்க விளைவு குறைந்த வேறு வகைத் தடுப்பூசிக்கு மாறின. அதன் பாதுகாப்பு சில ஆண்டுகளில் குன்றுகிறது என்பது பின்னர் தெரிய வந்தது. 2012-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நாற்பத்தெட்டாயிரத்துக்கு மேற்பட்டோர் கக்குவானால் தாக்குண்டனர். ஊசி பெறும் வயதை எட்டாத கைக்குழந்தைகளைக் காக்கக் கருவுற்ற தாய்க்கே தடுப்பூசி அளிக்கும் முறை இப்போது பல நாடுகளில் உள்ளது. கிராண்ட் ராப்பிட்ஸில் தொடங்கிய பணி இன்னும் முற்றுப்பெறவில்லை.

நாம் கொள்ள வேண்டுவன

அன்பார்ந்த இளைஞர்களே! இவ்வரலாற்றில் வரும் பெண்களை வானத்திலிருந்து இறங்கிய மேதைகளாக எண்ணி வணங்கிவிட்டு அகலுதல் வேண்டா. அவர்கள் ஆசிரியர் பணி செய்து படித்தவர்கள். ஊதியமின்றிப் பணி கற்றவர்கள். மூடிய கதவின் முன் நின்று வருந்தியவர்கள். அவர்கள் செய்தவை யாவும் கற்றோர் எவரும் செய்யத்தக்கவையே. நோய் எங்கு இருந்ததோ அங்குச் சென்றனர். ஏழையின் வீட்டை ஆய்வுக்கூடத்தோடு இணைத்தனர். கேட்பாரற்ற குழந்தைகளைச் சோதனைப் பொருளாக்க மறுத்தனர். தங்கள் கணக்கில் பிழை காண்பாரை வரவேற்றனர். திறமை எவரிடம் இருந்தாலும் அதற்கு இடமளித்தனர்.

நம் கழகத்தின் உதவியால் பயின்று செவிலியராகவும் ஆய்வுக்கூடப் பணியாளராகவும் மருத்துவராகவும் ஆகப்போகும் மாணவ மாணவியர்க்கு ஒரு வேண்டுகோள். கல்வி உங்களை உங்கள் தெருவிலிருந்து வெளியே அழைத்துச் செல்லும், செல்க! அக்கல்வியோடு மாலை நேரத்தில் அத்தெருவுக்கு மீண்டும் வருக! அங்கே ஏதேனும் ஒரு வீட்டில் ஒரு குழந்தை இருமிக்கொண்டிருக்கக்கூடும்.